பங்கு வாங்குமுன் பார்த்த பூட்டிய வீடுகள்

1. வெள்ளிக்கிழமைக் கெடு

மதுரங்குளிச் சந்தியில் ஒரு ஹாட்வெயார் கடைக் கவுண்டரில் நின்றே வயது போனவன் நான். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரை விட்டு வந்ததோடு பள்ளிக்கூடமும் நின்றது. இப்போது கடைக்கு வரும் பிள்ளைகள் போனிலேயே பங்கு வாங்குகிறார்கள். பார்க்கவே எனக்குப் பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து கரையெங்கும் வீடுகள் எழும்பிய காலம். அண்ணனை நாங்கள் நானா என்போம். குவைத்திலிருந்து வந்திருந்த என் தங்கச்சி பரீதா சொன்னாள்: "நானா, நுரைச்சோலையில வீடு கட்டுற கம்பனிட பங்கு நல்லமாம். போடவா, வேணாமா? வெள்ளிக்குள்ள ஒரு முடிவு செல்லுங்க."

அது மகளுக்குச் சீதன வீடு கட்ட, ஊரான் வீட்டில் பாத்திரம் கழுவிச் சேர்த்த பணம். வீட்டுக்குக் கொஞ்சம் குறைந்தது, வளரட்டும் என்று பார்த்தாள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பங்குத் தரகர் அலுவலகத்திலிருந்து ரமேஷ் என்ற தம்பி வந்து விளக்கினார். "டிபென்சர் எண்டா நீங்க கம்பனிக்குக் கடன் குடுக்கிறீங்க. வட்டி தருவாங்க. பங்கு எண்டா நீங்களும் ஒரு முதலாளி."

"வட்டி எங்களுக்கு ஹராம் தம்பி. முதலாளியாவே இரிக்கிறன்," என்றாள் பரீதா.

மார்க்கத்துக்கு ஹலாலானது என்றதும் அது பத்திரமானதும்தான் என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டோம்.

2. ஆளில்லாத வாசல்கள்

கம்பனியின் ஆண்டறிக்கையில் நுரைச்சோலை வீடுகள் பெரும்பாலும் விற்றுவிட்டதாகப் போட்டிருந்தது. மனம் கேட்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். முக்கால்வாசி வீடு பூட்டு. கொடியில் ஒரு துணி இல்லை. நேரே பரீதா வீட்டுக்குப் போனேன்.

"கம்பனி பொய் செல்லுது. வீடெல்லாம் சும்மா கிடக்கு."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் குவைத்துல இரிக்கக்க எண்ட வீட்டு கேட்டுல என்ன இருந்திச்சு நானா?"

"பூட்டு."

"அப்ப அதுவும் விக்காத வீடா?"

பாதி ஊர் வெளிநாட்டில் இருக்கும் கரையில் பூட்டைப் பார்த்து விற்காத வீடென்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

"ஊரெல்லாம் சுத்தினீங்களே. உங்கட கடையில எடுத்த சாமானுக்கு அவங்க ஒழுங்கா சல்லி கட்டுறாங்களா?"

அந்தக் கம்பனி எங்களிடம்தான் சீமெந்தும் கம்பியும் எடுத்தது. முன்பெல்லாம் ஒரு மாதத்தில் காசாகிய செக், அந்த வருடம் நாலு மாதம் தள்ளித் திகதி போட்டு வந்தது. "பெரிய கம்பனி, எங்க ஓடப் போறான்," என்று எங்கள் கடை முதலாளி ஹாஜியார் வாங்கி வைப்பார். தும்மினாலும் பயப்படுகிற நான் அதற்கு மட்டும் பயப்படவில்லை.

3. கஞ்சி வரிசை

வியாழக்கிழமை ரமேஷுக்கு போன் எடுத்தேன்.

"தம்பி, கம்பனி விழுந்தா முதல்ல ஆருக்குக் குடுப்பாங்க?"

"பேங்குக்கு. பிறகு டிபென்சர்காரருக்கு. மிச்சம் இருந்தா உங்களுக்கு."

"மிச்சம் இருக்குமா?"

"கம்பனிக்குக் கடன் கூடத்தான் நானா. வீடு வித்துக்கொண்டே இருந்தா சமாளிப்பாங்க. விற்பனை நிண்டா கஷ்டம்."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த பரீதா, "நோன்புக் கஞ்சி வரிசையில நான்தான் கடைசி ஆள்," என்றாள். "பானை பெருசுதான். எனக்கு வரக்க அடிதான் தெரியும்."

நாங்கள் வட்டி வாங்கமாட்டோம். ஆனால் கம்பனி வட்டி கட்டும், அதைக் கட்டிய மிச்சம்தான் எங்களுக்கு. அது அன்றுதான் விளங்கியது. போனாலும் அழாத அளவுக்குக் கொஞ்சம் பங்கு வாங்கினாள். மீதியில் மகள் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாள்.

பிறகு அந்தப் பங்கு ஏறத் தொடங்கியது. "உங்கட பயத்தால போன சல்லியில ஒரு மாடி கட்டியிருப்பன்," என்று கல்யாண வீடுகளில் வைத்தே சொல்வாள். அவளைக் கெடுத்துவிட்டேனோ என்று சில வருடம் உள்ளுக்குள் அரித்தது.

நாடு கடனில் முறிந்து, சமையல் கேஸுக்கும் சீமெந்துக்கும் வரிசை நின்ற காலம் வந்தது. நுரைச்சோலையில் வேலை நின்றது. டிபென்சர்காரருக்கு வட்டி பிந்திப் பிந்தியாவது வந்தது. பங்குக்கு ஒன்றும் வரவில்லை, விலையும் தரைக்கு வந்தது. மகளின் வீட்டுக்கு அதற்கு முன்பே ஓடு போட்டாயிற்று.

பிள்ளைகளே, வீடு கட்டும் கம்பனியை அறிய வாசலில் போய்ப் பூட்டை எண்ணாதீர்கள். அதற்குச் சாமான் கொடுப்பவனுக்குக் காசு நேரத்துக்கு வருகிறதா என்று கேளுங்கள். உங்களுக்கு முன்னால் வரிசையில் யார் யார், எவ்வளவுக்கு நிற்கிறார்கள் என்று கேளுங்கள். ஹலாலா என்பது வேறு கேள்வி. அதையும் கேட்கத்தான் வேண்டும்.

இன்றும் காலையில் அந்தப் பங்கின் விலையைப் பார்க்கிறேன். "வீடுதான் நிக்குதே நானா, இன்னும் என்ன பாக்கிறீங்க?" என்கிறாள் பரீதா.

"கொஞ்சம் பங்கு இன்னும் கிடக்குதானே," என்கிறேன்.