மகாராணி மகளின் கணக்குப் பரீட்சை

மகாராணி என்று பெயர் வைத்துவிட்டு, அவளை ஹாஸ்டல் சமையலறையில் வெங்காயம் உரிக்க விட்டிருக்கிறார் கடவுள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவள் மேல் பொறாமை கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடமே இரண்டு முறை சொல்லியாயிற்று.

நான் அருள்மேரி. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் அட்டெண்டர். மணி அடிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, பெற்றோர்களை வரிசையில் உட்கார வைப்பது எல்லாம் என் வேலை. மகாராணியும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் பேத்துப்பாறையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய அப்பா சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். வந்த இடத்திலும் தோட்டக் கூலிதான், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில். மகாராணி எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டாள். புருஷன் செந்தில்வேல் மரமேறி மிளகு பறிக்கிறவன். குடிக்க மாட்டான். பாருங்கள், அதுவும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

அத்தனை தூரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் அவள் முகம் வாடி நான் பார்த்ததில்லை. அரை மூட்டை பீன்ஸ் நறுக்கும்போதும் ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். வார்டன் திட்டினால் "சரிங்க" என்று கேட்டுக்கொள்வாள். பிறகு அதே வார்டனுக்குச் சூடாக ஒரு டம்ளர் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பாள். என்னை யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. சீசனில் வீட்டு மரத்துப் பட்டர் ஃப்ரூட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். தடவித் தடவிப் பார்த்து இருப்பதிலேயே பெரியதை எனக்குத் தருவாள். பழம் நன்றாகவும் இருந்து தொலைக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவள் மகள் தேவசேனா. எங்கள் பள்ளியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கிடையாது. அதனால் என் மகள் பிரின்ஸியும் அவளும் முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பிரின்ஸியை நான் மூஞ்சிக்கல்லில் டியூஷனுக்கு அனுப்பினேன். இருபதாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மகாராணி தன் மகளைப் படி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "அது பாட்டுக்குப் படிக்கிதுக்கா" என்பாள். அது பாட்டுக்குப் படித்தே வருடா வருடம் கணக்கில் முதல் மார்க் வாங்கியது அந்தப் பிள்ளை.

ஐந்தாம் வகுப்பு முடிந்த மே மாத லீவில் பள்ளியில் ஒரு பரீட்சை வைத்தார்கள். ஆறாம் வகுப்புக்குப் போகிறவர்களில் எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து, அவர்களுக்கு ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக் கணக்கையெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளைகள் அதை ஃபாஸ்ட் மேத்ஸ் என்பார்கள். அதில் படித்தவர்கள் பிறகு பெரிய பெரிய காலேஜுக்குப் போனது எனக்குத் தெரியும். அவர்களுடைய சர்டிபிகேட்டுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததே நான்தான். பிரின்ஸி அந்த எட்டில் ஒருத்தியாக வேண்டும். தேவசேனா ஆகக் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் என் ஜெபம்.

பேப்பரில் எழுதுகிற பரீட்சை இல்லை அது. கணக்கு டீச்சர் ஜோதிமணி மிஸ் ஒவ்வொரு பிள்ளையாக அறைக்குள் கூப்பிட்டு, எதிரில் உட்கார வைத்துக் கேட்பார். புதன்கிழமை மத்தியானம் எங்கள் பிள்ளைகளின் முறை. பிரின்ஸி உள்ளே போனாள். பத்தே நிமிடம். சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இத்தனை வருடப் பள்ளி வேலையில், பேப்பரை முதலில் நீட்டிவிட்டு எழுந்து வருகிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை என்று பார்த்துப் பழகியவள் நான்.

பிறகு தேவசேனா போனாள். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. கதவு திறக்கவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகாராணியின் முகம் முதல் முறையாக வாடியது.

"என்னக்கா, ஒங்க புள்ள வெரசா வந்திருச்சு. எம்புள்ளயக் காணோமே?"

"திணறுதோ என்னவோ. பாவம், சின்னப் புள்ளதான. மிஸ் சொல்லிக் குடுத்துக் குடுத்துக் கேக்குறாங்க போல," என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைக்கூடத் தடவிக்கொடுத்தேன். அவ்வளவு இனிப்பாக என் வாயிலிருந்து அவளுக்கு ஒரு சொல் வந்ததில்லை. பொறாமை இல்லாத மனசு எவ்வளவு லேசாக இருக்கும் என்பதை அன்று ஒரு மணி நேரம் அனுபவித்தேன்.

நாலு மணி தாண்டியது. நாலரை பஸ்ஸை விட்டால், சீசன் நெரிசலில் வழியிலுள்ள பெருமாள்மலை போய்ச் சேரவே இருட்டிவிடும். மிஸ்ஸின் அறைக் கதவைத் தட்ட மகாராணிக்குத் தைரியம் இல்லை. நான்தான் எழுந்துபோய்த் தட்டினேன்.

"மிஸ், இவங்களுக்கு பஸ் போயிரும். புள்ளய விட்டுருங்க, பாவம்."

மிஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அனுப்பினார். மகாராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லாட்டி நான் இங்கனயே நின்னுக்கிட்டு இருந்திருப்பேன்க்கா."

மறுநாள் காலையில் ஜோதிமணி மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"அருள்மேரி, அந்தப் பேத்துப்பாறைப் பொண்ணுக்கு டெஸ்ட் முடியல. சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்க. ரிஜிஸ்டர்ல இருக்கிற நம்பருக்கு போன் போகல. அன்னிக்கு மத்தியானம் நான் ஊருக்குக் கெளம்புறேன், அதுக்குள்ள லிஸ்ட் குடுத்தாகணும். டெஸ்ட் முடிக்காம பேர் எழுத முடியாது."

"ஒரு மணி நேரம் உக்காந்தும் முடிக்கலையா மிஸ்?" என்று கேட்டேன். என் குரலில் சந்தோஷம் வழிந்திருக்கும்.

மிஸ் சிரித்தார். "கேள்வி லேசா ஆரம்பிச்சு, போகப் போகக் கஷ்டமாகும். தொடர்ந்து மூணு தப்பு வந்தா நிறுத்திருவோம். சரியாச் சொல்ற வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும். அவ எட்டாங்கிளாஸ் கணக்குக்கு வந்துட்டா. இன்னும் மூணு தப்பு வரல."

அப்படியென்றால் பத்து நிமிடத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. மிஸ்ஸாகவே சொன்னார்: "பிரின்ஸி நல்ல பொண்ணு. அவ வயசுக்கு எவ்வளவு தெரியணுமோ அவ்வளவு தெரியுது." அதற்குப் பதில் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

லீவில் ஹாஸ்டல் மூடியிருந்ததால் மகாராணி வேலைக்கு வருவதில்லை. அவளுடைய புது நம்பர் என் போனில் மட்டும்தான் இருந்தது. வியாழக்கிழமை நான் அழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் அழைக்கவில்லை. பேத்துப்பாறையில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. யாராவது கேட்டால் அதைச் சொல்லிக்கொள்ளலாம். அவள் முதுகைத் தடவியதை நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே அவள் மகள் எட்டாம் வகுப்புக் கணக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், வெளியே நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்! வீட்டில் பிரின்ஸி வழக்கம்போல டிவி பார்த்துச் சிரித்தாள். அவளுக்குத் துளிகூட வருத்தமில்லை. அதற்கும் சேர்த்து அவளைத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெட் கிளார்க் குமரகுரு லிஸ்ட்டை டைப் அடித்துக்கொண்டிருந்தார். ஏழு பெயர்கள். எட்டாவது இடம் காலி. அடுத்து நிற்பது அவருடைய மகன் சந்தோஷ்குமார். அவனை மதுரையில் தங்க வைத்துக் கோச்சிங் கொடுத்த கதையை எங்கள் அலுவலக மேஜை நாற்காலிக்குக்கூடச் சொல்லி முடித்திருந்தார்.

"அந்தப் பேத்துப்பாறைப் புள்ள வரலேன்னா நம்ம பயதான். நீங்க போன் போட்டுட்டீங்களாம்மா?"

நான் ஜெராக்ஸ் தாள்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"ரேஞ்சு கெடைச்சிருக்காது. அந்தக் காட்டுக்குள்ள எங்க கெடைக்கும்?" என்று சொல்லிப் புன்னகைத்தார்.

நான் தயாராக வைத்திருந்த பொய்யை அந்த மனுஷன் எனக்கே எடுத்துக் கொடுத்தார். இந்த இடத்தில் என் மனச்சாட்சி விழித்துக்கொண்டது என்று எழுத ஆசைதான். ஆனால் நான் நினைத்தது திங்கட்கிழமையை. இவர் ஸ்வீட் பெட்டியோடு வருவார். முதல் துண்டை என்னிடம்தான் நீட்டுவார். நான் அதை வாயில் போட்டு விழுங்க வேண்டும். என் மகளுக்கு இல்லாதது இந்த ஆள் மகனுக்கா? அதற்கு மகாராணி மகளே கொண்டுபோகட்டும்!

அங்கேயே, அவர் எதிரிலேயே போனை எடுத்தேன். நாலு முறை லைன் போகவில்லை. ஐந்தாவது முறை மகாராணி எடுத்தாள்.

"ஏ மகாராணி, நாளைக்கு வெள்ளனே கெளம்பி வா. பத்து மணிக்குப் புள்ள இங்க இருக்கணும்."

"ஏன்க்கா, எதுவும் தப்பாப் போச்சுங்களா?"

"தப்பே வரலையாம். அதான் கூப்புடுறாங்க," என்றேன்.

சனிக்கிழமை தேவசேனா இன்னும் நாற்பது நிமிடம் உள்ளே இருந்தாள். அவள் பெயரைக் குமரகுரு எட்டாவதாக டைப் அடித்த சத்தம் என் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. அந்த இதம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. மகாராணி மகளையும் கூட்டிக்கொண்டு, பெற்றோர் கொடுக்க வேண்டிய சம்மதப் படிவத்தோடு என் மேஜைக்கு வந்தாள். படிவம் முழுக்க இங்கிலீஷ். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும்.

"எழுதிக் குடுங்கக்கா. ஒங்க கையெழுத்து அழகா இருக்கும். அன்னிக்குக் கதவத் தட்டுனதும் நீங்க, நேத்து போன் போட்டதும் நீங்க. சாமிக்குப் பெறகு நீங்கதான்." அவள் கண் கலங்கியிருந்தது. வியாழக்கிழமையே எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

படிவத்தை வாங்கிக்கொண்டேன். முதல் கட்டத்தில் மாணவியின் பெயர். எழுதிவிட்டுப் பார்த்தால் கட்டத்துக்குள் பிரின்ஸி என்று இருந்தது, இங்கிலீஷில், ஒவ்வொரு எழுத்தும் அழகாக. என் பக்கத்தில் நின்ற தேவசேனா அதைப் படித்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

நான் அவசர அவசரமாக அதை அடித்தேன்.

"என்னக்கா, எழுதிட்டு அடிக்கிறீங்க?" என்றாள் மகாராணி.

"பேனா சரியில்லம்மா," என்று எனக்கு முந்திச் சொன்னாள் தேவசேனா.