நீலமாகிப்போன கிடங்கு

மூத்தவள் பதினாறு வருஷமாக அந்த அலுவலகத்தில் செயற்கைக்கோள் ரேடார் படங்களை நிறம் பிரித்துப் படிக்கிறவள். அவள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த சின்னவளும் அதே அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டே வருஷத்தில் பிரிவுத் தலைவர் நாற்காலிக்குச் சின்னவள் பெயரும் அடிபட்டது. வீட்டில் மாமியார், “சின்னவ தொட்டா எல்லாம் துலங்குது” என்பார். அலுவலகத்தில் மேலாளர் அதையே சொன்னார். மூத்தவள் எங்கே போய் முட்டிக்கொள்வது? மூத்தவளும் நல்லவள்தான், யார் என்ன சொன்னாலும் நல்லவள்தான். ஆனால் வயிறு எரிந்தது.

வேலை இதுதான். ரேடார் மேலேயிருந்து அலையைச் சுழற்றி அனுப்பும். வெறும் தரையிலோ தண்ணீரிலோ ஒரு தடவை முட்டித் திரும்பினால் சுழற்சி தலைகீழாகும், அதற்கு நீலம். தரையிலும் சுவரிலுமாக இரண்டு தடவை முட்டினால் பழையபடி ஆகும், அதற்குச் சிவப்பு. இலைதழைக்குள் புகுந்து சிதறினால் பச்சை. வெள்ளத்தில் நாணல் தண்டுகளைச் சுற்றித் தண்ணீர் நின்றாலும் சிவப்புதான். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான், நாணலுக்குள் மாட்டோடு சிக்கியவர்களைத் தேடிப் படகு போகும்.

அந்த வாரம் ஆற்றில் வெள்ளம். சின்னவள் படத்தோடு வந்து நின்றாள்.

“அக்கா, ஒரு பார்வை பாருங்களேன். நீங்க சொன்னாத்தான் எனக்கு நிம்மதி.”

மூத்தவள் பார்த்தாள். ஓரத்தில் வரிசையாகச் சரக்குக் கிடங்குகள், நீலமாக இருந்தன. செங்கல் சுவர் எங்கேயாவது நீலமாகுமா? பழைய செயற்கைக்கோள் வலப்பக்கம் சுழற்றும், இந்தப் படத்தை எடுத்த புதியது இடப்பக்கம். சின்னவள் கணக்கில் ஒரு கழித்தல் குறியை மாற்ற மறந்திருந்தாள். நீலமும் சிவப்பும் இடம் மாறிக் கிடந்தன.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் மூத்தவள். நாளைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இவள் விழிக்கட்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் கூட்டத்தில் யாருமே கண்டுபிடிக்கவில்லை. மீட்புக்காரர் எழுந்து, “அப்போ சிவப்பா இருக்கிற தெக்குக் கரைக்கே எல்லாப் படகையும் விட்டுடலாமா?” என்றார். தெற்குக் கரை வெறும் பொட்டல். நாணல் இருந்தது வடக்கே. மூத்தவள் முள்மேல் உட்கார்ந்தவள் போல நெளிந்தாள். மீட்புக்காரர் தொலைபேசியை எடுத்தார்.

“வைங்க ஐயா! கிடங்கு நீலமா இருக்குது பாருங்க. படம் தலைகீழ். வடக்கே அனுப்புங்க” என்று மூத்தவள் எழுந்துவிட்டாள்.

சின்னவள் முகம் வெளுத்தது. குறியை மாற்றினாள், வடக்குக் கரை சிவந்தது. படகுகள் வடக்கே போயின.

“நேத்தே காட்டினேனேக்கா... நல்லா இருக்குன்னீங்களே?”

மேலாளர் மூத்தவளைப் பார்த்தார். “கவனிக்கலையா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் பதினாறு வருஷக் கண்ணைக் குருடென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“கவனிச்சேன். வேணும்னேதான் சொல்லாம விட்டேன்.”

நாற்காலி சின்னவளுக்குப் போனது. இப்போதும் அனுப்பும் முன் ஒவ்வொரு படத்தையும் எடுத்துக்கொண்டு மூத்தவளிடம்தான் வருகிறாள்.

“இன்னைக்காவது உண்மையைச் சொல்லுவீங்களா?”

“குடுடி இப்படி” என்று பிடுங்கிக்கொள்கிறாள் மூத்தவள். பிழை ஒன்றும் இல்லாத நாளில்தான் அவளுக்கு அதிகம் எரிகிறது.