கொழும்புச் சூடு

சீனித்தாய் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாக யாராவது சொன்னால் எங்கள் தெருவில் நம்பமாட்டார்கள். உட்காருவாள், எழுவாள், வாசல்வரை போவாள், உடனே திரும்புவாள். காலில் சக்கரம் கட்டியிருக்கிறாள் என்று சிரிப்பார்கள். சிரித்தவர்களுக்கு என்ன தெரியும்? அடிவயிற்றில் விடாத குத்தலும் கீழே எரிச்சலும் இருக்கிறவள் எப்படி நிம்மதியாக உட்காருவாள்? அதை வாய்விட்டுச் சொல்ல முடியாதது அதைவிடக் கொடுமை.

அவள் புருஷன் பால்துரைக்குக் கொழும்பில் பலசரக்குக் கடை. உலகச் சண்டை முடிந்து கப்பல் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த காலம். எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் அக்கரையில்தான் பிழைத்தார்கள். வருஷக்கணக்கில் அங்கே இருந்துவிட்டு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து சில மாதம் தங்கிப் போவார்கள். வரும்போது சீத்தைத்துணியும் வாசனை சோப்பும் வரும். கூடவே இன்னொன்றும் வரும். ஒன்றுக்குப் போனால் எரியும், சீழ் வடியும். ஊரே கூடி அதற்கு மரியாதையாக ஒரு பெயர் வைத்திருந்தது: கொழும்புச் சூடு. அந்த ஊர்த் தண்ணீர் சேரவில்லை, கப்பல் என்ஜினின் காந்தல் உடம்பில் ஏறிவிட்டது என்பார்கள். பதநீர், வெந்தயக்களி, நல்லெண்ணெய்க் குளியல், இவைதான் மருந்து. பதநீரைக் குடித்த கையோடு ஆண்கள் மருந்துக்கடைப் பின்கட்டில் கமுக்கமாக ஊசியும் போட்டுக்கொண்டார்கள். அது மட்டும் வீட்டுக்குத் தெரியாது.

கலியாணமான பிறகு பால்துரை முதல் தடவை வந்துபோனதுமே சீனித்தாய்க்கு மஞ்சளாக வெள்ளைப்பட ஆரம்பித்தது. நாற்றம் அவளுக்கே பொறுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த தாய் இசக்கித்தாயிடம் போய் அழுதாள்.

"அதே சூடுதாம்ளா. ஒங்க அய்யா இருந்த காலத்துல கொழும்புல இருந்து வந்துட்டுப் போனா எனக்கும் இப்பிடித்தான். பொம்பளையாப் பொறந்தா இருக்கும். பதனியக் குடி" என்றாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே அந்தத் தாய். இடுப்பைப் பிடிக்காமல் அவள் எழுந்ததை நாங்கள் பார்த்ததில்லை.

சீனித்தாயும் குடித்தாள். பிள்ளை மட்டும் உண்டாகவில்லை. மலடி என்ற பேச்சு முதலில் முதுகுக்குப் பின்னால் வந்தது, பிறகு முகத்துக்கு நேராகவே வந்தது. பால்துரைக்கு இன்னொரு கலியாணம் செய்துவைப்பது என்று முடிவாயிற்று. வெளியிலிருந்து ஒருத்தி வந்து மூத்தவளை விரட்டுவதைவிட நம் பிள்ளையே போகட்டும் என்று இசக்கித்தாய் தன் இளைய மகள் செண்பகத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டாள். சீனித்தாயும் தலையாட்டினாள். அன்றைக்கு அவளுக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை.

கலியாண வேலைக்கு உடம்பில் தெம்பு வேண்டுமே என்றுதான் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா ஹில்டா திரையை இழுத்துவிட்டுச் சோதித்தார்.

"கொழும்புச் சூடும்மா. எங்க தெருவுல நெறையப் பேருக்கு உண்டு" என்றாள் சீனித்தாய்.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே கேட்டார்: "நீ கொழும்புக்குப் போயிருக்கியா?"

"நான் கப்பலே ஏறினதில்லம்மா."

"அப்போ உனக்கு ஏது கொழும்புச் சூடு?"

இது சூடே இல்லை, வெட்டை நோய், படுக்கையில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உள்ளே ஏறிக் கருக்குழாயை அடைத்திருக்கிறது, அதனால்தான் பிள்ளை இல்லை. இப்போது பென்சிலின் ஊசி வந்திருக்கிறது, நோய் போய்விடும். அடைத்த குழாய் திறக்குமா என்பதற்கு வாக்குக் கொடுக்க முடியாது. புருஷனும் சேர்ந்து போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் வரும்.

வெளியே வந்தவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்குப் போகாமல் கடற்கரை ரோட்டில் உப்புக் குவியல்களைத் தாண்டி நடந்தாள், திரும்பினாள், மறுபடியும் நடந்தாள். காய்ச்சல் என்று ஒரு நாள் பாயில் படுத்திராத செண்பகம் கண்ணுக்குள்ளேயே நின்றாள்.

கலியாணத்துக்கு வந்திருந்த பால்துரையிடம் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிக் கேட்டாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு ஊசி போட்டு எப்பவோ சரியாப்போச்சு. பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பேச்சு?"

"அப்ப, சூடு இல்லன்னு ஒங்களுக்கு முன்னமே தெரியும்?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். இந்தத் தடவை ஊருக்கு வந்த பிறகும் அவன் எரிச்சல் என்று காலையில் பதநீர் தேடியது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை இசக்கித்தாய் வீட்டில் பாக்கு வெற்றிலை மாற்ற ஆட்கள் கூடினார்கள். செண்பகம் தலை நிறையப் பூவோடு குனிந்திருந்தாள். தாலியறுத்தவள் என்பதால் இசக்கித்தாய் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். தாய்மாமன் இசக்கியப்பன் தட்டை வாங்கக் கையை நீட்டினார்.

"மாமா, வாங்காதிய" என்றாள் சீனித்தாய். அவள் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தாள். "எனக்கு இருக்கது சூடு இல்ல. இவுக குடுத்த சீக்கு. டாக்டரம்மா சொல்லிட்டாக. இத எந்தங்கச்சிக்கும் குடுக்க நான் விடமாட்டேன்."

"கிறுக்கு புடிச்சிட்டு இவளுக்கு!" என்று பால்துரை எழுந்தான். மற்ற ஆண்கள் எழவில்லை. கொழும்புக்காரர்கள் அத்தனை பேரும் பாய்க்கோரையை எண்ணுகிறவர்கள் மாதிரித் தலைகுனிந்துகொண்டார்கள். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். இசக்கியப்பன் நீட்டிய கையோடு அக்காள் நின்ற கதவுப் பக்கம் திரும்பினார்.

இசக்கித்தாய் வெளியே வந்தாள். நல்ல காரியத்தில் அவள் சபை நடுவே வரக்கூடாது, வந்தாள். மகளை அறையப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவள் இடுப்பைப் பிடித்தபடி செண்பகத்தின் கையைப் பற்றி எழுப்பித் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். பிறகு மூத்தவளின் காதருகே போனாள். அந்த அமைதியில் அவள் கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

"ஏளா, அந்த ஊசி என்னைய மாதிரிக் கெழடுக்கும் போடுவாகளா?"