நூற்றெண்பது ரூபாய்ப் பூசணிக்காய்

போன மாதம் நான் ஒரு பூசணிக்காய் வாங்கினேன். விலை, நூற்றெண்பது ரூபாய்.

அச்சுப் பிழை இல்லை. கம்பம் சந்தையில் ஒன்றரை ரூபாய்க்குக் கிடைக்கிற அதே மஞ்சள் பூசணிக்காய்தான். வாங்கிய இடம்தான் வேறு. குமுளியில், எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை அவரவர் வீட்டு விளைச்சலைக் கோயிலில் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏலம் விடுவார். எலுமிச்சம்பழம் நாற்பது ரூபாய், கோழிமுட்டை இருபத்தைந்து என்று பறக்கும். பணம் கர்த்தருக்கு. கையோடு கட்டவும் வேண்டாம் — நோட்டில் பெயர் எழுதிக்கொள்வார்கள். வீரம் வருவதற்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

காணிக்கைப் பை வரிசையாக வரும்போது இதே ஆசாமிகள் போடுவது நாலணா. மைக்கில் பெயர் வருமென்றால் நூறு! மைக்கை அணைத்துவிட்டு ஏலம் விட்டால் எத்தனை பூசணிக்காய் விலை போகும் என்று ஒவ்வொரு வருஷமும் நான் நக்கலடிப்பதுண்டு. மகா பெரிய யோக்கியன் நான்.

நான் ஒரு ஏலக்காய் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். சம்பளம் முன்னூற்றுச் சொச்சம். வீட்டில் மனைவி ஞானம், பதினேழு வயது மகள் எஸ்தர், பதினைந்து வயது மகன் சாமுவேல். ஒன்றாம் தேதி சம்பளக் கவரை மேஜைமேல் வைத்து ஜெபம் பண்ணுவோம். முதலில் கர்த்தருக்குப் பத்தில் ஒரு பங்கு, தசமபாகம். பிறகு அரிசி, வாடகை, பள்ளிக்கூடச் செலவு. மிஞ்சுவது ஒரு பழைய பால்பவுடர் டின்னுக்குள் போகும். வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டு நிலவரம் தெரிய வேண்டும் பாருங்கள், அதனால் எல்லாம் அவர்கள் கண்ணெதிரே நடக்கும். கூடவே என் பிரசங்கமும்.

எஸ்தர் இரண்டு வருஷமாக ஒரு குடை கேட்கிறாள். குமுளி மழையில் அது ஆடம்பரமா? ஆடம்பரம்தான் என்று தீர்ப்பு சொன்னேன். சாமுவேல் பெல்பாட்டம் பேன்ட் கேட்டான். ஆசையை அடக்காதவன் விசுவாசியே இல்லை என்று அரை மணி நேரம் அறுத்தேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள்.

அந்த டின்னில் எட்டு மாதமாகச் சேர்ந்தது இருநூறு ரூபாய். கோட்டயம் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எஸ்தருக்கு நர்ஸ் டிரெயினிங் சீட் கிடைத்திருந்தது. பண்டிகை கழிந்த வியாழக்கிழமைக்குள் அந்தப் பணத்தைக் கட்டாவிட்டால் சீட் வேறொரு பெண்ணுக்கு.

ஏலத்தன்று பூசணிக்காய் மேடை ஏறியது. ஏலக்காய் வியாபாரி தங்கராஜ் முப்பது ரூபாயில் ஆரம்பித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஊரே கேட்கச் சொன்னார்:

"கிளார்க் ஸார் வீட்ல எல்லாத்துக்கும் பட்ஜெட்டாம்லா! அவுக கண்ணால பாத்துக்கிட வேண்டியதுதான்."

சிரித்தார்கள். எனக்குக் காது சூடாயிற்று.

"அம்பது!" — இது யார் குரல்? என் குரல்தான். அவர் எழுபது என்றார். நான் நூறு. அவர் நூற்றைம்பது. ஞானம் பெண்கள் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டியதை நான் பார்க்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். பார்த்துவிட்டு, "நூத்தி எம்பது!" என்று கத்தினேன்.

தங்கராஜ் சாவதானமாக உட்கார்ந்தார். "ஸார் ஆசப்பட்டுட்டாக. நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?"

கைதட்டல். வெட்கம்கெட்ட எனக்கு அப்போதும் உள்ளுக்குள் ஒரு குளுமை!

வீட்டில் பூசணிக்காயை இறக்கினேன். ஞானம், "இதக் குழம்பு வைக்கவா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கவா?" என்றாள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணுவது அன்றைக்கு எஸ்தர் முறை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்:

"ஆண்டவரே, இந்தப் பூசணிக்காய்க்காக ஸ்தோத்திரம். நீர் இதச் சாப்பிட மாட்டீர்னு எங்களுக்குத் தெரியும். டின்னுல இருக்க பணம் என் படிப்புக்கா, தங்கராஜ் மாமாவ ஜெயிச்சதுக்கான்னு அப்பாவுக்கு நீரே சொல்லும். வியாழக்கிழமைக்குள்ள சொல்லும்."

குரல் கடைசியில் உடைந்துவிட்டது.

மறுநாள் பாஸ்டர் ஐயாவிடம் போனேன். "ஐயா, கௌரவத்துக்குக் கூவிட்டேன். அந்தப் பணம் பிள்ளையோட பீஸு" என்று சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. அவர் ஏல நோட்டை எடுத்துப் புரட்டி என் முன் வைத்தார். தங்கராஜ், போன வருஷத்துச் சேவல், பாக்கி. அதற்கு முந்தின வருஷம் வாழைத்தார், பாக்கி. அவர் மட்டுமா? மைக்கில் முழங்கிய பாதிப் பேர் அந்த நோட்டில் கர்த்தருக்கே கடன்காரர்கள்! இந்த லட்சணத்தில் ஒழுகுகிற கோயில் கூரைக்குப் பணம் சேரவில்லை என்று வாராவாரம் உருக்கமான ஜெபம் வேறு.

"நீங்க ஒருத்தர்தான் முடியாதுன்னு சொல்ல வந்திருக்கீங்க. மாசம் பத்து ரூபா கட்டுங்க, போதும்" என்றார்.

என்னைப் பாராட்டுவதாக நினைத்திருப்பார். எனக்கோ அந்த நோட்டில் என் பெயர் தங்கராஜ் பெயருக்கு நேர் கீழே இருந்ததுதான் உறுத்தியது. பிள்ளைகளுக்குச் சிக்கனம் சொல்லித் தருகிற தகப்பன்களே, நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள். அவர்கள் ஆசைக்குப் பெயர் ஊதாரித்தனம். நம் ஆசைக்கு மட்டும் காணிக்கை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம், இல்லையா?

புதன்கிழமையே பீஸைக் கட்டிவிட்டு வந்தோம். எஸ்தர் இப்போது ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் இருக்கிறாள். போகும்போது டின்னையும் வீட்டுக் கணக்கையும் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மாதம் பத்து ரூபாய்க்கு எங்கே போவது? சாமுவேல்தான் கண்டுபிடித்தான். "அப்பா, உங்க கடைக் காப்பியும் மூக்குப்பொடியும் எந்தக் கணக்குல வருது?" எந்தக் கணக்கிலும் வரவில்லை... இத்தனை வருஷமாக! இரண்டையும் வெட்டிவிட்டான். பதினெட்டு மாதத் தண்டனை.

நேற்று தாங்க முடியாமல் மூக்குப்பொடிக்கு நாலணா கேட்டேன்.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேம்ப்பா" என்றான் பையன்.