காய்ந்த கருவாடு

சுண்ணாம்பு வாங்க ராஜபாளையம் வந்து மூன்று நாளாகத் தங்கிய இடத்தில் பத்திரிகையைப் பார்க்கிறேன்: முந்தாநாள் எங்கள் கரையில் கடல் ஆளுயரத்துக்கு ஏறி வந்திருக்கிறது. கருவாட்டுக் கிட்டங்கிக்கு முன்னால் நான் எழுப்பிய தடுப்புச் சுவர் நின்றதா, விழுந்ததா என்று போடவில்லை. சந்தைக்கு ஓடுகிறேன். அந்தக் கிட்டங்கிச் சரக்கு இன்று காலைதான் லாரியில் வந்திறங்கியிருக்கிறது. கருவாட்டுக்காரி மூட்டையைப் பிரிக்கிறாள்.

"கிட்டங்கியில் அடியில் கிடந்த மூட்டையா, அம்மா?"

"அடிமூட்டைதான்யா. கையில புடிச்சுப் பாருங்க, வெறகு கணக்கா காஞ்சு கெடக்கு. எடையே நிக்க மாட்டேங்கு. ஒரு பொட்டு ஈரம் படாம எந்தப் பாவி காத்து வச்சானோ!"

ஒரு சாளைக் கருவாட்டை எடுத்துத் தராசுத் தட்டில் தட்டுகிறேன். டொக்கென்று கேட்கிறது. இன்னொரு முறையும் தட்டுகிறேன்.

"நான்தாம்மா அந்தப் பாவி" என்று சொல்லி, இரண்டு கையாலும் அள்ளித் தட்டில் போடுகிறேன்.