வீடியோ அண்ணையின் அபிப்பிராயம்

அந்தக் கசெற்றின் முதுகில் ஒரு தமிழ்ப் படத்தின் பெயரை யாரோ நீல மையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஞாயிறு மத்தியானம், சோறு தின்ற கையோடு, எங்கள் அறையிலிருந்த எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடியிருந்தோம். பெட்டியில் போட்டால் பாட்டும் இல்லை, நிறமும் இல்லை. மழை பெய்வதுபோல் கோடுகள் ஓடின. பிறகு தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் ஆங்கிலத்தில் படபடவென்று பேசத் தொடங்கினார்கள். கீழே பிரெஞ்சு எழுத்துகள். ஹொலிவூட் பேசத் தொடங்கிய புதிதில் எடுத்த ஏதோ ஒரு குற்றப் படம். பிரதி எடுத்தவர்கள் இங்கே பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஓடியதை மாறிப் பதிந்துவிட்டிருக்க வேண்டும். வேறு கசெற் இல்லாததால் அதையே பார்த்தோம்.

கதை ஒரு வானொலி நிலையத்தில் நடக்கிறது. ஊரே காத்திருந்து கேட்கும் குரலுக்குச் சொந்தக்காரனான அறிவிப்பாளனை நிலையத்தின் முதலாளியே சுட்டுவிடுகிறான். பழி ஒரு பாடகியின் மேல் விழுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிக்கருவிகளோடு இருந்த தொழிலாளி ஒருவன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். பிள்ளைகுட்டிக்காரன், பயந்து வாயை மூடிக்கொள்கிறான். பாடகிக்குத் தீர்ப்பு வரும் நாளில்தான் ஒலிவாங்கியைத் திறந்து, நகரம் முழுவதற்கும் உண்மையைச் சொல்கிறான்.

கசெற்றைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் சண்டை பிடிக்கும் நோக்கத்தோடுதான் போனேன். ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், நான் கோப்பை கழுவிய உணவகத்துக்குப் பக்கத்தில் இருந்தது கசெற் வாடகைக்கு விடும் அந்தக் கடை. இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவு. அதை நடத்தியவர் மன்னார்க்காரர். எல்லோருக்கும் அவர் வீடியோ அண்ணை. என் முறைப்பாட்டை அவர் காதில் வாங்கவே இல்லை. "அதை விடு தம்பி. படம் என்ன மாதிரி?" என்று கேட்டார். அவரும் பார்த்திருந்தார், இரண்டு தரம்.

அதன்பின் அந்தப் படத்தை அவர் அழிக்கவில்லை. யார் எந்தப் படம் எடுத்தாலும் இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார், திருப்பித் தரும்போது அபிப்பிராயம் கேட்பார். புறநகரான ஆர்ஜொந்தெயிலிருந்து வரும் ஒரு அக்கா, "பாட்டுக்காரியின்ரை தொப்பி நல்ல வடிவு. சுட்டவன்ரை முகத்தைப் பாத்தாலும் பாவமாத்தான் கிடக்கு" என்றார். அஞ்சல் அலுவலகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர் ஒருவர், "மிசே, கவனிச்சீங்களா? மைக்கை எங்கயோ பூச்சாடியில ஒளிச்சு வெச்சிருக்காங்க. எல்லாரும் பூச்சாடிகிட்ட வந்துதான் பேசுறாங்க" என்று சொல்லிச் சிரித்தார். சண்டைக் காட்சி இல்லை என்று பெடியன்கள் குறைப்பட்டார்கள். ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தத் தொழிலாளியில் வந்துதான் முடியும். அவன் செய்தது சரியா, பிழையா?

கோழை என்றோம் நாங்கள். என் குரல்தான் அதில் பெரிது. வீடியோ அண்ணை ஒருவர்தான் அவன் பக்கம். "கடைசியிலை சொன்னதுதான் பிழை" என்பார். "முதலாளிக்கு எதிராச் சாட்சி சொல்லிப்போட்டு நாளைக்கு எங்கை போறது? அந்தப் பாட்டுக்காரி என்ன, அவனுக்குக் கூடப்பிறந்தவளே? பெண்சாதி பிள்ளையளை ஆர் பாக்கிறது?" கடை முழுக்கச் சிரிக்கும். அவருக்கு உண்மையாகவே கோபம் வரும். கம்பளித் தொப்பியைக் கழற்றி மேசையில் அடிப்பார். மனுசன் பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் முடிவுகட்டினோம்.

அந்த மாரிகாலத்தில்தான் நான் விழுந்தேன். உணவகத்தின் நிலவறைக்குப் போகும் படிகள் எப்போதும் ஈரமாக இருக்கும். போத்தல் பெட்டியோடு இறங்கியபோது கால் வழுக்கியது. வலது கை எனக்குக் கீழே மடிந்து முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. முதலாளியும் சமையற்காரனும் ஓடிவந்து தூக்கினார்கள். என்னை நாற்காலியில் இருத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். பின்முற்றத்துக்குத் தூக்கி வந்து ஏப்ரனைக் கழற்றினார்கள், கொண்டுபோய்த் தெருவோரத்தில் கிடத்தினார்கள். அம்புலன்ஸ்காரர் வந்ததும், "இவரைத் தெரியாது, நடந்துபோனவர் வழுக்கி விழுந்துவிட்டார்" என்றார் முதலாளி. பதிவு இல்லாத வேலை என்னுடையது. நான் அங்கே வேலைசெய்ததற்கு ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

முற்றத்தின் மறுபக்கம், தன் கடையின் பின்கதவில் வீடியோ அண்ணை நின்றார். என்னைத் தூக்கி வந்ததையும் ஏப்ரனைக் கழற்றியதையும் முழுவதும் பார்த்தவர் அவர். எங்கள் கண்கள் சந்தித்தன. அவர் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கட்டடம் முழுவதும் உணவக முதலாளியுடையது. அண்ணையின் கடையும் அவர் வாடகைக்கு விட்ட இடந்தான்.

மருத்துவமனையில் கையை அறுத்து ஆணி வைத்தார்கள். அங்கிருந்த சமூகப் பணியாளர் பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேலையிடத்து விபத்து என்று காட்ட ஒரு சாட்சி வேண்டும் என்றார். அது இல்லாவிட்டால் கை குணமாகும்வரை எனக்கு வருமானமும் இல்லை, அறையில் இடமும் நிச்சயமில்லை. வீடியோ அண்ணை நாள் தவறாமல் வந்தார். மனைவி வைத்துக் கொடுத்த மீன்சொதியும் சோறும் கொண்டுவருவார், இடக்கையால் சாப்பிடத் தெரியாத எனக்குக் குழைத்துத் தருவார். விழுந்த கதையை மட்டும் எடுக்கமாட்டார். நானும் கேட்கவில்லை. தன் அபிப்பிராயத்தை அவர்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டாரே என்று மனதுக்குள் கசந்துகொண்டு, அவர் குழைத்த சோற்றைத் தின்றேன்.

ஒருநாள் கையில் சாப்பாடு இல்லாமல் வந்தார். என் கட்டிலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"நான் பாத்ததை எழுதிக் குடுத்திட்டன் தம்பி. கூப்பிட்டாலும் போய்ச் சொல்லுவன்."

"கடை, அண்ணை?" என்றேன்.

"அதுக்குத்தான் இவ்வளவு நாள் சுணங்கினது. முதல்லை மனிசியோடை கதைச்சன். பிறகு வேறை இடம் தேடினன். லா சப்பல்லை ஒரு பலசரக்குக் கடையிலை மூலையொண்டு தாறம் எண்டவை. எல்லாம் சரிவந்தாப் பிறகுதான் எழுதினன். நான் என்ன, படத்திலை வாற ஆளே, திடீரெண்டு மைக்கைத் திறக்க?"

விசாரணைக்கு நாங்கள் ஒன்றாகப் போனோம். அதிகாரிக்கு முன்னால் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய பிரெஞ்சு கடையில் வியாபாரம் பேசப் போதுமானது, அங்கே போதவில்லை. சொல் கிடைக்காத இடத்தில் எழுந்து நின்று, ஏப்ரனைக் கழற்றுவதையும் என்னைத் தூக்குவதையும் நடித்துக் காட்டினார். அதிகாரி சிரிக்கவில்லை. திரும்பவும் ஒருமுறை காட்டச் சொல்லி, எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது மெத்ரோவில் கேட்டேன். "அவன் வாயைத் திறந்தது பிழையெண்டு அவ்வளவு சண்டை பிடிச்சீங்களே அண்ணை?"

"இப்பவும் பிழைதான்" என்றார். "அவனை எனக்கு ஆரெண்டு தெரியாது. அவன் நல்லா இருக்கவேணும் எண்டுதான் சொன்னன். உன்னை எனக்குத் தெரியும்."

விபத்து வேலையிடத்தில் நடந்ததென்று ஏற்றுக்கொண்டார்கள். கை குணமாகும்வரை பணம் வந்தது. என் பெயர் முதன்முதலாக ஒரு தொழிலாளியின் பெயராக இந்த நாட்டின் கடதாசியில் ஏறியது. பின்னால் கிடைத்த நிரந்தர வேலைக்கும், குடும்பத்தைக் கூப்பிட்டதற்கும் அதுதான் முதற்படி. வீடியோ அண்ணைக்குக் கிடைத்தது, அரிசி மூட்டைகளுக்கும் வாழைக்காய்ப் பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு தட்டு. பாதி வாடிக்கையாளர்கள் அங்கே வரவில்லை. அதை என் காதுபட அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் அவர் இறந்தபிறகு.

ஆண்டுதோறும் நவம்பரில், மரித்தோர் திருநாளன்று ஆர்ஜொந்தெயில் இருக்கும் அவர் கல்லறைக்குப் பூக்கொண்டு போகிறேன். நான் சைவ சமயத்தவன். சிலுவைக்கு முன்னால் எப்படி நிற்பதென்று இன்னும் சரியாகத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். சென்ற முறை என் மகளும் கூட வந்தாள். அவர் எங்களுக்கு என்ன முறை என்று பிரெஞ்சில் கேட்டாள். சித்தப்பாவா, பெரியப்பாவா? எங்கள் ஆட்களில் ஏதாவது ஒரு முறை இருக்கத்தானே வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"எனக்காகச் சாட்சி சொன்ன முறை" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. ரயில் வரும்வரை மேடையில் நின்று முழுக் கதையையும் சொன்னேன்.