அம்மாவிடம் சொல்லாத ஊசி

சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், அம்மாவின் இடது கண் மங்கிக்கொண்டே வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் சிங்களத்தில் விளக்கினார். கண்ணை விறைக்க வைக்கச் சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் ஊசி போடுவார்களாம். போடாவிட்டால் பார்வை போய்விடுமாம். "அம்மாவுக்கு விளங்கச் சொல்லுங்கள்" என்றார்.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ஊசி என்றால் அம்மா தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பிவிடுவாள் என்று நானாக முடிவு செய்து, "சொட்டு மருந்துதாம்மா விடுவாங்க" என்றேன்.

உள்ளே கூட்டிப்போன சற்று நேரத்தில் அம்மா அலறினாள். ஊசியைக் கண்டதும் தலையைத் திருப்பிவிட்டாளாம். தாதி அவளை வெளியே கூட்டிவந்து, "ஊசி என்று சொல்லவில்லையா?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் முந்திக்கொண்டாள். "மகன் சொன்னான் மிஸ். எனக்குத்தான் விளங்கல. அவன் படிச்ச புள்ள."

தாதி நகர்ந்ததும், "மன்னிச்சிரும்மா" என்றேன்.

"சொல்லியிருந்தா பயந்துக்கிட்டாவது படுத்திருப்பேன். ஒன்னையே பெத்தவடா நான், ஊசிக்கா ஓடிப்போவேன்?" என்றவள், தானாகவே மறுபடி உள்ளே போனாள். இம்முறை சத்தமே வரவில்லை.

அம்மாவுக்கு இப்போது பார்வை பரவாயில்லை. ஆனால் அந்தத் தாதி, அம்மாவுக்குத்தான் விளங்கவில்லை என்று இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார். அதை நான் திருத்தவேயில்லை.